ஸகியா சாச்சியின் கண்ணும் ஈரல் பொதியும்

இலங்கைத் திறைசேரியின் சாவியை எங்கள் ஸகியா சாச்சியிடம் கொடுத்திருந்தால் நாடு வங்குரோத்தாகியே இருக்காது. அது மட்டுமா? உலகத்து நாடுகளெல்லாம் கல்முனை பஸ் நிலையத்தில் இறங்கி, வழி விசாரித்து, கடன் கேட்டு எங்கள் வளவு வாசலில் வரிசையாக நின்றிருக்கும். சாச்சி ஆளுக்கொரு மீன் ரோல்ஸும் பிளேன் டீயும் கொடுத்து, "கொஞ்சம் பொறுங்க மனே, ஈரல் இளகட்டும்" என்று சொல்லியிருப்பார்.

என்ன ஈரல் என்று கேட்பீர்கள். சாச்சி சல்லிக்காசு வைப்பது ஃப்ரிட்ஜின் மேல்தட்டில், கோழி ஈரல் பொதிக்குள். அந்த வீட்டில் ஈரலை யாரும் வாயில் வைக்கமாட்டார்கள். அதனால் அந்தப் பொதியை யாரும் தொடவும் மாட்டார்கள். "சல்லி கையில கிடந்தா சூடாகி ஓடிரும். குளிர்ல கிடந்தா இறுகிக் கிடக்கும்" என்பது சாச்சியின் பொருளாதாரம். நாடே மின்வெட்டில் வியர்த்துக் கிடந்த காலத்திலும் அந்தப் பொதி இளகவில்லை.

சாச்சி என் உம்மாவின் தங்கச்சி. எங்கள் பக்கத்தில் பெண் பிள்ளைக்கு வீடு கட்டிக் கொடுத்துத்தான் கல்யாணம் செய்வது. அதனால் ஒரே வளவில் அக்காவுக்கு ஒரு வீடு, தங்கச்சிக்கு ஒரு வீடு, நடுவில் இடுப்பளவு மதில். மதிலோரம் எங்கள் பக்கத்தில் என் புறாக்கூடு. ஓ.எல். பரீட்சையும் நானும் இரண்டு முறை சந்தித்து, ஒத்துவராது என்று மரியாதையாகப் பிரிந்துவிட்டோம். பிறகு எனக்கு மிஞ்சிய சொத்து அந்தப் புறாக்கள்தான். விசிறிவால் ஜோடிகள், எங்கே கொண்டுபோய் விட்டாலும் வீட்டுக்குத் திரும்பும் ஹோமர்கள், அதில் கறுவல் என்று ஒரு கள்ளன். பாண்டிருப்பில் என் கூட்டாளி கோகுலனும் புறா வளர்க்கிறான். வானத்தில் கலந்துவிட்டால் அடையாளம் தெரிய வேண்டுமென்று தன் புறாக்களின் காலில் சிவப்பு நூல் கட்டுவான். நான் கட்டுவதில்லை. என் புறாக்களுக்கு என் முகம் தெரியும்.

சாச்சிக்குத்தான் என் முகம் தெரியாமல் போய்க்கொண்டிருந்தது.

வலது கண் சின்ன வயதிலேயே பாதிதான். நல்ல கண்ணாக இருந்த இடது கண்ணில் வெள்ளை படர ஆரம்பித்துவிட்டது. கொடியில் காய்ந்த அபாயாவுக்கு ஸலாம் சொல்லிவிட்டு, பதில் வரவில்லையென்று கோபித்துக்கொண்டு வந்தார். விடியற்காலையில் ரோல்ஸும் பட்டிஸும் செய்து ஷிப்லி காக்காவின் தேநீர்க்கடைக்குக் கொடுப்பதுதான் சாச்சியின் தொழில். ஒருநாள் மீன் கறிக்குள் உப்புக்குப் பதிலாகச் சீனி விழுந்துவிட்டது. ஷிப்லி காக்கா முறையிட வருகிறார் என்று பயந்திருந்தால், "அந்தச் சாமான் நல்லாப் போச்சு, நாளைக்கும் அதையே போடுங்க" என்றார். அதுவரைக்கும் சிரிப்புத்தான். பிறகு ஒருநாள், ரோல்ஸ் பொன்னிறமாகிவிட்டதா என்று குனிந்து பார்த்த சாச்சி, எண்ணெய் எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று தெரியாமல் விரலை உள்ளே விட்டுவிட்டார். விரல் ஆறியது. அதற்குப் பிறகு அவர் அடுப்புக்குக் கிட்டப் போகும்போதெல்லாம் மதிலுக்கு இந்தப் பக்கம் நானும் மூச்சைப் பிடித்துக்கொண்டுதான் நின்றேன். புறாக்களுக்குத் தீன் போட நின்றேன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அரசாங்க ஆஸ்பத்திரியில் கண் கிளினிக்கில் திகதி கிடைத்தது. சத்திரசிகிச்சைக்கு ஒரு சதமும் வேண்டாம். ஆனால் அந்த வருடம் சாமான் தட்டுப்பாடு. கண்ணுக்குள் வைக்கிற லென்ஸை நீங்களே வெளியில் வாங்கி வர வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். லென்ஸ் இல்லாவிட்டால் அடுத்த திகதி. அது எப்போது என்று கேட்டதற்குத் தாதி கலண்டரைப் பார்க்கவில்லை, கூரையைப் பார்த்தாராம்.

அந்த லென்ஸுக்குத்தான் ஈரல் பொதி. ரோல்ஸ் விற்று, பட்டிஸ் விற்று, சாச்சி அதை நிரப்பி முடித்துவிட்டார்.

இனி என்ன, போய்ச் செய்துகொண்டு வரவேண்டியதுதானே என்பீர்கள். நீங்கள் எங்கள் ஊர் இல்லை.

முந்தின வருடம் சாச்சியின் கணவர் அச்சிமுகம்மது சாச்சாவுக்குக் குடலிறக்கம் என்று இதே ஆஸ்பத்திரியில் வெட்டினார்கள். அங்கே செலவு ஒன்றுமில்லை. செலவு தொடங்கியது அவர் வீட்டுக்கு வந்த பிறகுதான். நோய் விசாரிக்க, எங்கள் பேச்சில் வருத்தம் பார்க்க, வருகிற சனம்! வருத்தக்காரரைப் போய்ப் பார்ப்பது பெரிய நன்மை, நன்மையை எங்கள் ஆட்கள் ஒருபோதும் தனியாகத் தேடமாட்டார்கள், வான் பிடித்துத்தான் தேடுவார்கள். வந்தவர்களை வெறும் வாயோடு அனுப்ப சாச்சிக்கு ஏலாது. தேத்தண்ணி, கேக், வாழைப்பழம். மத்தியானம் தாண்டி இருந்துவிட்டால் கோழி. சாச்சாவின் குடல் உள்ளே போனது, வீட்டின் சேமிப்பு வெளியே வந்தது. மிஞ்சியது, வந்தவர்கள் ஆளுக்கொன்றாகக் கொண்டுவந்த மோல்ட் சத்துமாப் பெட்டிகள், அலுமாரி நிறைய.

அந்தப் பெட்டிகளையும் நாங்கள் குடித்து முடிக்கவில்லை. அடுத்த வீட்டு வருத்தத்துக்குக் கொண்டுபோனோம். அந்த வீட்டுக்காரர்கள் அதற்கடுத்த வீட்டுக்குக் கொண்டுபோவார்கள். எங்கள் ஊரில் மோல்ட் பெட்டி குடிப்பதற்கல்ல, சுற்றுவதற்கு. இதை நிரூபிக்கலாமென்று ஒரு பெட்டியில் சிரித்துக்கொண்டிருந்த பெண் குழந்தைக்கு நான் பேனையால் மீசை வரைந்து, மருதமுனையில் சிறுநீரகக் கல் வந்த ஒருவரின் வீட்டுக்கு உம்மாவின் கையில் கொடுத்துவிட்டேன்.

ஆகவே இந்த முறை சாச்சி சட்டம் போட்டார். கண் சங்கதி வளவைத் தாண்டக்கூடாது. சாச்சா, மகள் பஸ்னா, என் உம்மா, இவ்வளவு பேருக்குத்தான் தெரியும். மதிலோரம் கூட்டுக்குள் தலையை விட்டுக்கொண்டிருந்த எனக்கும் தெரிந்துவிட்டது.

"ஆரு கூட்டுக்குள்ள? றிபாத்தா?"

"புறா, சாச்சி."

"புறா கதைக்குதோ? வாடா இஞ்சால. வல்லாஹி சொல்லு, வெளிய சொல்லமாட்டன் எண்டு."

"சொல்லமாட்டன் சாச்சி, வல்லாஹி."

"சொன்னாய் எண்டா உன்ட புறாவெல்லாம் பட்டிஸுக்குள்ள போகும். ஷிப்லி காக்கா நல்லாப் போகுது எண்டு நாளைக்கும் கேப்பாரு."

நான் சொல்லவில்லை. இதை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். சொன்னது சாச்சிதான்.

திகதி நெருங்க நெருங்க அவருக்கு உள்ளுக்குள் பயம். ஒரு துஆ கேட்டால் மனம் ஆறும் என்று, யாருக்கும் சொல்லாமல் ஒரு துண்டு எழுதி உறையில் போட்டு, பக்கத்து வீட்டுப் பொடியனிடம் பள்ளிவாசலுக்குக் கொடுத்தனுப்பினார். வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்தது. பள்ளிவாசல் ஒலிபெருக்கி நான்கு திசைக்கும் நான்கு வாய் வைத்தது. மௌலவி கையை உயர்த்தி, ஊர் முழுக்கக் கேட்கிற மாதிரி ஓதினார்: "நமது மஹல்லாவைச் சேர்ந்த அச்சிமுகம்மது அவர்களின் மனைவி ஸகியா அவர்களின் இடது கண் சத்திரசிகிச்சை லேசாக நடைபெற..."

பள்ளிவாசல் மொத்தமும் "ஆமீன்" என்றது. எனக்குப் பக்கத்தில் இருந்த சாச்சாவுக்கு ஆமீன் தொண்டையில் நின்றுவிட்டது. நான் முதுகில் தட்டினேன்.

வீட்டுக்கு ஓடினோம். சாச்சி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றார்.

"பஸ்னாட வாப்பா, அவரு மனசுக்குள்ள கேப்பாரு எண்டெல்லா நான் நினைச்ச!"

"மனசுக்குள்ளதான் கேட்டாரு. மைக்கை மனசுக்குள்ள வெச்சுத்துக் கேட்டாரு" என்றார் சாச்சா.

"பேரை மட்டும் எழுதியிருக்கலாமே உம்மா. இடது கண் எண்டு என்னத்துக்கு எழுதின?" என்றாள் பஸ்னா.

"மறுகா வலது கண்ணுக்கு துஆப் பலிச்சா என்ன செய்றகா?"

அஸர் தொழுகைக்கு முன்னமே முதல் கூட்டம் வந்துவிட்டது. இரண்டாம் நாள் ஈரல் பொதி மேசையில் கிடந்து இளகியது. பஸ்னா ஈரத் தாள்களைப் பிரித்துப் பிரித்துக் கடைக்கு அனுப்பினாள். இப்படியே போனால் திகதிக்குள் சாச்சியின் கண்ணை ஊர் தேத்தண்ணியில் தோய்த்துத் தின்றுவிடும். நான் வாசல் படலையில் போய் நின்றேன். பொய் சொல்வதில் எனக்கு ஒரு குறையும் கிடையாது. வருகிறவர்களிடமெல்லாம் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு, "சும்மா வெள்ளையில்ல மாமி, அது தொத்துற சாதி. அவங்கட கண்ணை நேர பாத்தாப் போதுமாம், மற்றாளுக்கும் வந்திருமாம்" என்று சொன்னேன்.

பாதிப் பேர் திரும்பிப் போனார்கள். நான் என்னையே மெச்சிக்கொண்டேன். அந்தக் கதை என்னை விடக் கெட்டிக்காரன். சைக்கிளில் ஏறி வரிப்பத்தான்சேனைக்கே போய்விட்டது.

ஞாயிற்றுக்கிழமை வரிப்பத்தான்சேனையிலிருந்து வான் வந்தது. சாச்சாவின் மூத்த சகோதரி முனவ்வறா மாமியின் தலைமையில் ஒவ்வொருவராக இறங்கினார்கள். இறங்கியவர்கள் அத்தனை பேரும் கறுப்புக் கண்ணாடி. இடுப்பில் இருந்த கைக்குழந்தைக்கும் கண்ணாடி. கல்முனைச் சந்தையடியில் வானை நிறுத்தி, நடைபாதைக் கடையில் மொத்தமாக வாங்கினார்களாம். மொத்தமாக வாங்கியதற்கு ஒன்று இனாமாம்.

"எங்கடா மனே வருத்தக்காரி?" என்று முனவ்வறா மாமி தென்னை மரத்தைப் பார்த்துக் கேட்டார்.

"மாமி, நான் இஞ்சால நிக்கிறன்."

"தெரியும்டா. கண்ணாடி கொஞ்சம் இருட்டு."

"தொத்தும் மாமி. இஞ்ச நிண்டே துஆக் கேட்டுத்துப் போகலாமே."

"வருத்தம் பாக்கிறது எவ்வளவு நன்மை! கண்ணோய்க்குப் பயந்து நன்மையை உடச் சொல்றியா? அதுக்குத்தானே சல்லி குடுத்துக் கண்ணாடி வாங்கின. தள்ளு."

மண்டபத்தில் சுற்றி உட்கார்ந்தார்கள். நடுவில் சாச்சி. சுற்றிவரக் கறுப்புக் கண்ணாடி. சாச்சி ஒவ்வொரு முகமாகத் திரும்பிப் பார்த்தார். பிறகு என் கையைப் பிடித்து இழுத்துக் காதுக்குள் சொன்னார்:

"டேய் றிபாத், எல்லார்ட முகத்திலயும் ரெண்டு ஓட்டை தெரியுது. என்ட கண் முழுசாப் போயிட்டுடா."

என்னால் சிரிப்பை அடக்க முடியவில்லை. விசயத்தைச் சொன்னேன். சாச்சிக்கும் அடக்க முடியவில்லை. வருத்தக்காரி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பதைப் பார்த்து முனவ்வறா மாமி, "கண்ணோய் மூளைக்கும் ஏறித்துப் போல" என்று பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னார். கடைசியில் இது தொத்தாது என்று சாச்சியே சொல்ல, எல்லோரும் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்துச் சிரித்து, பசி வந்து, மத்தியானமும் ஆகிவிட்டது.

"பஸ்னா," என்று சாச்சி கூப்பிட்டார், "கோழி எடுத்து வெளிய வை."

கோழியோடு ஈரல் பொதியும் வெளியே வந்தது.

போகும்போது முனவ்வறா மாமி, "மதினி, இதை வெச்சுக்கங்க" என்று சாச்சியின் கைக்குள் நோட்டுகளைச் சுருட்டி வைத்தார். சாச்சி அதை வாங்கி, வான் வரைக்கும் வழியனுப்பப் போய், கைக்குழந்தையின் கைக்குள் சுருட்டி வைத்துவிட்டு வந்தார். திறைசேரி என்றேனே, அதற்கு இந்த ஒரு வியாதிதான் இருந்தது. அந்தக் கூட்டம் மேசையில் விட்டுப்போனது ஒரு மோல்ட் பெட்டியும், இனாமாகக் கிடைத்த கறுப்புக் கண்ணாடியும். பெட்டியைத் திருப்பிப் பார்த்தேன். மீசை வைத்த பெண் குழந்தை என்னைப் பார்த்துச் சிரித்தது. எந்தெந்த வீட்டு வருத்தமெல்லாம் பார்த்ததோ, சுகமாகத் திரும்பி வந்திருந்தது.

பின்னேரம் சாச்சி பொதியை மடியில் வைத்துக்கொண்டு, தாள்களை விரலால் தடவிப் பார்த்தார். லென்ஸுக்குப் போதாது என்று தடவலிலேயே தெரிந்துவிட்டது.

"மில் முதலாளிட்ட முன்பணம் கேக்கட்டா?" என்றார் சாச்சா. அவர் அரிசி மில்லில் மூடை நிறுப்பவர்.

"மதினிமாரு சாப்பிட்ட கோழிக்கு முதலாளிட்டயா கடன் வாங்குற? வேணா. கண் எங்கயும் ஓடாது. அடுத்த திகதிக்குப் பாப்பம்." சிரித்துக்கொண்டுதான் சொன்னார். சொல்லிவிட்டு எழும்பி, நாளைக்கு மா குழைக்க வேண்டுமென்று குசினிக்குப் போனார். வாசல் நிலையில் தோள் இடித்தது. நிலையைத் தடவிக்கொடுத்துவிட்டு உள்ளே போனார்.

எனக்குப் பெரிய கொட்டாவி ஒன்று வந்தது. கொட்டாவி விட்டால் கண்ணில் தண்ணீர் வருவது எல்லோருக்கும் உள்ளதுதான்.

பிறகு நடந்தது சாதாரணம். குவைத்தில் உள்ள ஒரு நல்ல மனிதர் ஏழைகளுக்கென்று லென்ஸ் கொடுத்திருக்கிறாராம், பெயர் பதிந்து நான் ஒன்று எடுத்துவிட்டேன் என்று மறுநாள் மாலை வந்து சாச்சியிடம் சொன்னேன். பெட்டியையும் கொடுத்தேன். தாதி எழுதிக் கொடுத்த அதே இலக்கம்தான். சாச்சி அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

"ஆரடா அந்த மனிசன்? பேரென்ன?"

"பேர் சொல்லக்கூடாதாம் சாச்சி. வலது கை குடுக்கிறது இடது கைக்குத் தெரியப்படாதாமே."

"அல்லாஹ் அவருக்குப் பெரிய ஊடு குடுக்கட்டும். நல்ல பொஞ்சாதி குடுக்கட்டும்."

"ஆமீன்" என்றேன், கொஞ்சம் பலமாகவே.

ஒவ்வொரு தொழுகைக்குப் பிறகும் குவைத்துக்காரருக்கு துஆ நடந்தது. அவருக்குத் தோட்டம் கிடைத்தது, கார் கிடைத்தது, கெட்டிக்காரப் பிள்ளைகள் கிடைத்தார்கள். நான் மதிலுக்கு இந்தப் பக்கம் நின்று ஒவ்வொன்றுக்கும் ஆமீன் சொன்னேன். அதே வாரத்தில் ஒரு பூனை என் கூட்டுக்குள் புகுந்து புறாக்களை எல்லாம் முடித்துவிட்டது. நடக்கிறதுதானே. உம்மாவும் நம்பினார், பஸ்னாவும் நம்பினாள்.

சத்திரசிகிச்சை நடந்தது. காலையில் போன சாச்சி பின்னேரமே வீட்டில். ஆஸ்பத்திரி ஒரு சதமும் கேட்கவில்லை. பொதியில் மிஞ்சியிருந்தது சொட்டு மருந்துக்கும் ஓட்டோவுக்கும் போதுமாயிருந்தது. அடுத்த நாள் கட்டவிழ்த்தார்கள். கூசாமல் இருக்கக் கறுப்புக் கண்ணாடி போடச் சொன்னதற்கு, முனவ்வறா மாமியின் இனாம் கண்ணாடி தயாராக இருந்தது. அதைப் போட்டுக்கொண்டு ஓட்டோவிலிருந்து இறங்கிய சாச்சியைப் பார்த்து ஷிப்லி காக்காவின் கடையில் விசில் அடித்தார்கள். யார் ஆரம்பித்தது என்று கேட்காதீர்கள்.

வீட்டுக்குள் வந்து கண்ணாடியைக் கழற்றிய சாச்சி முதலில் பார்த்தது சாச்சாவை.

"பஸ்னாட வாப்பா! எப்ப நரைச்ச தாடி?"

"நீ பாக்காத நேரமாப் பாத்து நரைச்சது."

பிறகு சுவர் மூலையில் ஒட்டறை தெரிந்தது. ஏச்சு. சட்டியின் அடியில் கரி. ஏச்சு. பஸ்னாவின் முகத்தை இரண்டு கையாலும் பிடித்து வெளிச்சத்துக்குத் திருப்பி, "என்ட கிளி, இவ்வளவு வடிவா நீ?" என்று கேட்டுவிட்டு, உடனே, "பரு என்ன இது? முகத்தைக் கழுவுற இல்லயா?" என்று அதற்கும் ஏச்சு. மேசையில் மோல்ட் பெட்டியைப் பார்த்தார். "இந்தப் புள்ளைக்கு ஆரு மீசை வெச்ச?" என்றார். நான் மெதுவாகப் பின்வாசலால் நழுவினேன். ஒரு கண் கிடைத்ததும் அந்த வீட்டில் ஒருவருக்கும் நிம்மதி இல்லாமல் போய்விட்டது. எல்லோரும் சிரித்துக்கொண்டு ஏச்சு வாங்கினார்கள்.

மதிலோரம் வந்து நின்றேன். கூட்டின் மேல் கறுவல் இருந்தான். அன்று காலையில்தான் வந்திருக்க வேண்டும். நான் கையைத் தட்டி விரட்டப் பார்த்தேன். அவன் என் முகத்தைப் பார்த்து, கழுத்தை உப்பிக்கொண்டு, வீட்டுக்கு வந்துவிட்டேன் என்று குமுறினான்.

"விரட்டாத. இரிக்கட்டும்."

சாச்சி மதிலுக்கு அந்தப் பக்கம் நின்றார். கறுப்புக் கண்ணாடி நெற்றியில்.

"பூனை முடிச்ச எண்டாயே?"

"இவன் மட்டும் தப்பிட்டான் சாச்சி. பூனைக்குத் தண்ணி காட்டித்து வந்திரிக்கான்."

"ஓம், கெட்டிக்காரன்." சாச்சி கண்ணைச் சுருக்கினார். கறுவல் நின்றது கூட்டின் உச்சியில், அண்ணாந்து பார்க்க வேண்டிய உயரம். "அவன்ட காலில சிவப்பு நூல் கிடக்கு. உன்ட கூட்டாளி கோகுலன்தானே நூல் கட்டுற? பூனையாடா நூல் கட்டி உட்ட?"

எனக்கு ஒரு பொய்யும் வரவில்லை. வாழ்க்கையில் முதல் தடவை.

"நான் சும்மா பட்டிஸுக்குள்ள போடுவன் எண்ட," என்றார் சாச்சி, "நீ என்ட கண்ணுக்குள்ளயே போட்டுத்தியேடா, குவைத்துக்காரா."

"தூசு சாச்சி," என்றேன் கண்ணைக் கசக்கிக்கொண்டு, "கூட்டுத் தூசு விழுந்திட்டு."

சாச்சி மதிலுக்கு மேலால் எட்டி என் தாடையைப் பிடித்துத் திருப்பினார்.

"இந்தக் கண்ணுக்கு இப்பத் தூசும் நல்லாத் தெரியும் மனே. அது தூசில்ல."